டாக்டர் மருந்தா, லெசித்தின் புட்டியா? நாள்பட்ட அழற்சிக்கு எதை எடுப்பது

மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பக்கம் நிற்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "அக்கா, டாக்டர் கொடுத்தது எதிர்ப்புச் சக்தியையே அடக்குற மாத்திரையாம், பயமா இருக்கு. லெசித்தின்னு இயற்கையா ஒண்ணு இருக்காமே, பாஸ்போலிப்பிட்டாம், அதுவும் அதே வேலையைத்தான் செய்யுமாம். அதையே எடுத்துக்கவா?" கேட்பவர் கைப்பேசியில் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் காணொளி ஓடிக்கொண்டிருக்கும். நோய் பெரும்பாலும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், இல்லையென்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று அட்டையில் எழுதியிருக்கும் பெருங்குடல் புண் நோய், சில சமயம் சொரியாசிஸ் என்ற தோல் நோய். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: உடம்பின் காவல் படை சொந்த வீட்டையே அடிக்கிறது, அந்த அழற்சி வருடக்கணக்கில் போகிறது.

கல்லாவில் வரிசை நிற்கும்போது ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் புட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தைப் படிப்பது என் வேலை, ஆய்வு முடிவுகளைப் படிப்பது பழக்கம்.

## எதை வைத்து எடை போடுவது

"இயற்கையா, செயற்கையா" என்பது அளவுகோலே இல்லை, முதலில் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். நான் பார்ப்பது இவைதான். மனிதர்களிடம் சோதித்தார்களா, எத்தனை பேரிடம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா. வாயில் போட்டது நோய் இருக்கும் இடம் வரை போய்ச் சேர்கிறதா. வலியை மட்டும் குறைக்கிறதா, மூட்டும் குடலும் அரித்துப்போவதையும் நிறுத்துகிறதா. பக்க விளைவு என்ன, அதைக் கவனிக்க என்ன பரிசோதனை. யார் காசு: மெடிசேவ் என்ற சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கா, மானியமா, நம் சட்டைப் பையா.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். தேர்வு தப்பாகப் போனால் எதை இழப்போம், இழந்தது திரும்பி வருமா? முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு முதல் ஓரிரு வருடங்களிலேயே தொடங்கிவிடும், அரித்த எலும்பு திரும்ப வளராது. "மூணு மாசம் இதைப் பார்த்துட்டு அப்புறம் அதைப் பார்ப்போம்" என்பது இலவசம் இல்லை.

## பாஸ்போலிப்பிட் என்பது ஒரு பொருள் இல்லை

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு இந்தக் கொழுப்பால் ஆனது. ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். 1840களில் தியோடர் கோப்ளி என்ற பிரெஞ்சுக்காரர் முட்டை மஞ்சள் கருவிலிருந்து, பாஸ்போலிப்பிட்டுகள் கலந்த லெசித்தினைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கு சோயா, சூரியகாந்தி, முட்டை மூன்றிலிருந்தும் எடுக்கிறார்கள், பிஸ்கட் உறையில் இ322 என்று போட்டிருப்பதும் அதுதான்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே குணம் இல்லை. லெசித்தினில் இருக்கும் முக்கியப் பாஸ்போலிப்பிட்டான பாஸ்பாடிடைல்கோலினிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை வெட்டி எடுத்தால் லைசோ வடிவம் கிடைக்கும், அது பல ஆய்வுகளில் அழற்சியைத் தூண்டும் பக்கம்தான் நிற்கிறது. அதைவிட வேடிக்கை, வலியையும் வீக்கத்தையும் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின், லூகோட்ரையீன் எல்லாம் தயாராவதே செல் சவ்வின் பாஸ்போலிப்பிட்டிலிருந்து கழன்று வரும் அராக்கிடோனிக் அமிலத்தில்தான். ஸ்டீராய்டு வேலை செய்யும் வழிகளில் ஒன்று, அந்தக் கழற்றலைத் தடுப்பது. அதனால் "பாஸ்போலிப்பிட் அழற்சியை அடக்கும்" என்று மொட்டையாகச் சொல்வது, உப்பு என்ற பேரை வைத்துக்கொண்டு சமையல் உப்பும் பேதி உப்பும் ஒன்று என்பது போல. எந்தப் பாஸ்போலிப்பிட், எவ்வளவு, உடம்பில் எந்த இடத்தில்? இந்த மூன்றையும் சொல்லாத காணொளியைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

## முதல் வழி: லெசித்தினும் அதில் இருக்கும் பாஸ்பாடிடைல்கோலினும்

இதற்கு ஆதாரமே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்காங் ஸ்ட்ரெம்மல் குழுவினர் கவனித்தது இது: பெருங்குடலின் உட்சுவரைச் சளிப் படலம் ஒன்று மூடியிருக்கிறது, அந்தப் படலத்தில் தண்ணீர் ஒட்டாத பூச்சாக நிற்பது பாஸ்பாடிடைல்கோலின், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களிடம் அது மிகவும் குறைந்து கிடக்கிறது. பூச்சு போன இடத்தில் மலத்தின் பாக்டீரியா சுவரைத் தொடும், உடம்பு சண்டைக்குக் கிளம்பும். சரி, பூச்சைத் திரும்பப் பூசிவிட்டால்?

பூசிப் பார்த்தார்கள். 2005ல் வெளியான சோதனையில் 60 பேர், தினமும் 6 கிராம், மூன்று மாதம். எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். 2007ல் ஸ்டீராய்டுக்கும் அடங்காத 60 பேரிடம் தினமும் 2 கிராம், அதிலும் பாதிப் பேர் தேறினார்கள், மறுபக்கம் மறுபடி 10 சதவீதம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்கள்தான், எண்கள் பொய்யும் இல்லை.

கதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். 2014ல் வெளியான அடுத்த சோதனை பல நாட்டு மையங்களில் 156 பேரிடம் நடந்தது. எல்டி-02 என்று பெயர் வைத்த, 94 சதவீதத்துக்கும் மேல் தூய்மையான பாஸ்பாடிடைல்கோலின். அதிகபட்ச அளவான 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு அறிகுறி மதிப்பெண் தெளிவாக இறங்கியது, ஆனால் நோய் முழுதாக அடங்கியது 31.4 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரையில் 15 சதவீதம். அந்த இடைவெளியைத் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லப் புள்ளியியல் இடம் கொடுக்கவில்லை. அதற்கும் அடுத்து வந்த பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில், இடைக்காலக் கணக்கைப் பார்த்தபோதே பலன் தேறாது என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்கள். ஒரு மருத்துவமனையில் பிரமாதமாக இருந்தது, பல மருத்துவமனைகளுக்குப் போனபோது பாதியானது, இன்னும் பெரிதாக்கியபோது காணாமலே போனது. மருந்து ஆராய்ச்சியில் இது அடிக்கடி நடப்பதுதான், ஆனால் பாதிக் கதையை மட்டும் பகிர்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். ஸ்ட்ரெம்மல் கொடுத்தது கடை லெசித்தின் இல்லை. சாதாரணமாக விழுங்கிய பாஸ்பாடிடைல்கோலினைச் சிறுகுடலிலேயே கணைய நொதிகள் வெட்டிவிடும், உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், பெருங்குடலுக்கு ஏறக்குறைய ஒன்றும் போகாது. அதனால்தான் அவர்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கரையும் பூச்சு போட்ட துகள்களாகக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் மென்காப்ஸ்யூலுக்கு அந்தப் பூச்சு கிடையாது. உங்களுக்கு நோய் பெருங்குடலில், காப்ஸ்யூல் கரைவது இரைப்பையில்.

புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் "லெசித்தின் 1200 மில்லிகிராம்". அந்த 1200 லெசித்தினின் எடை, பாஸ்பாடிடைல்கோலினின் எடை இல்லை. எண்ணெய் நீக்காத சோயா லெசித்தினில் பாஸ்பாடிடைல்கோலின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, மிச்சம் சோயா எண்ணெயும் மற்ற பாஸ்போலிப்பிட்டுகளும். ஆக ஒரு காப்ஸ்யூலுக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 3.2 கிராம் தொட நாளைக்கு 16 விழுங்க வேண்டும், 100 காப்ஸ்யூல் புட்டி ஒரு வாரம்கூடத் தாங்காது. காப்பிக் கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை இரண்டு சாப்பிட்டால் அதில் இரண்டு கிராமை ஒட்டிய பாஸ்பாடிடைல்கோலின் இருக்கிறது, அதுவும் இதே சிறுகுடலில்தான் செரிக்கப் போகிறது. புட்டிக்கு எதற்குக் காசு என்று எனக்குத் தோன்றும், விற்கிற இடத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது முதலாளிக்குப் பிடிக்காது.

மறைந்திருக்கும் செலவு வேறு உண்டு. அதிக அளவில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும், ஏற்கெனவே ஒரு நாளைக்குப் பல முறை ஓடுகிறவருக்கு இது எதனால் வந்தது என்று பிரித்தே சொல்ல முடியாது. கோலினைக் குடல் பாக்டீரியா உடைத்து, கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக மாற்றுகிறது. இதற்கும் இரத்தக்குழாய் அடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2011ல் காட்டினார்கள். அது காரணமா, வெறும் அடையாளமா என்று வாதம் இன்னும் ஓடுகிறது. இருந்தாலும் முடக்குவாதம் தன்னாலேயே இதய நோய் அபாயத்தைக் கூட்டும், நம் ஆட்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் வேறு. அந்த நிலையில் தினமும் 16 காப்ஸ்யூல் என்பதை நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

## இரண்டாம் வழி: பாஸ்பாடிடைல்செரின்

நோய் எதிர்ப்பை அடக்கும் பாஸ்போலிப்பிட் என்றால் அறிவியல் ரீதியாக உண்மையில் சுவாரஸ்யமானது இதுதான். உயிரோடு இருக்கும் செல் பாஸ்பாடிடைல்செரினைச் சவ்வின் உட்பக்கம் வைத்திருக்கும். செல் தன் காலம் முடிந்து சாகும்போது அது வெளிப்பக்கம் திரும்புகிறது. மேக்ரோஃபேஜ் செல்கள் அதைப் பார்த்து, சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, "இங்கே சண்டை வேண்டாம்" என்று சொல்லும் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் இப்படிப் போகின்றன, ஒரு வீக்கமும் வருவதில்லை. இந்த அடையாளத்தைச் சின்னக் கொழுப்புக் குமிழிகளில் ஒட்டி உள்ளே அனுப்பினால் காவல் படையை ஏமாற்றி அமைதிப்படுத்தலாம் என்று எலிகளில் நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது.

ஆனால் அது ஊசி வழியாகப் போன குமிழி. கடையில் நினைவாற்றலுக்கு என்று விற்கும் 100 மில்லிகிராம் மாத்திரை வயிற்றில் செரிந்துபோகும் உணவு. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. முடக்குவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ மருந்தாக அனுமதி பெற்ற பாஸ்பாடிடைல்செரின் எதுவும் இல்லை.

ஆய்வகத்தில் மாற்றியமைத்த பாஸ்போலிப்பிட்டையும் விட்டுவைக்கவில்லை. இஸ்ரேல் நிறுவனம் ஒன்று விபி-201 என்ற மூலக்கூறை சொரியாசிஸுக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் சோதித்தது, 2015ல் இரண்டுமே தோற்றன. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் விடும் சர்ஃபாக்டன்ட் பாஸ்போலிப்பிட்தான், உயிரைக் காக்கிறது, ஆனால் அது நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரியச் செய்யும் வேலை, எதிர்ப்புச் சக்தியை அடக்குவது இல்லை. இதையும் "பாஸ்போலிப்பிட் வெற்றி" என்று காணொளியில் சேர்த்துவிடுகிறார்கள்.

## மூன்றாம் வழி: கிரில் எண்ணெயும் மீன் எண்ணெயும்

கிரில் எண்ணெயின் விற்பனைப் பேச்சே பாஸ்போலிப்பிட்தான்: ஒமேகா-3 அதில் பாஸ்போலிப்பிட்டோடு பிணைந்திருப்பதால் உடம்பு நன்றாக ஏற்கும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானமும் வீக்கமும் உள்ள 262 பேரிடம் தினமும் 2 கிராம் கிரில் எண்ணெய், 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024ல் முடிவு வந்தது, வலியில் வெற்று மாத்திரையைவிட வித்தியாசம் இல்லை. தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு என்று நீங்கள் வாதாடலாம், நியாயம்தான். ஆனால் மூட்டு வலிக்கு என்று அதை வாங்குகிற ஆன்ட்டிகளில் பெரும்பாலோருக்கு இருப்பது தேய்மானம்தான்.

பழைய சாதாரண மீன் எண்ணெய் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. முடக்குவாதத்தில் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் சேர்ந்து நாளைக்கு 2.7 கிராமுக்கு மேல், குறைந்தது மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு வலி மாத்திரையின் தேவை குறைவதாகப் பல சோதனைகள் சொல்கின்றன. வலி மாத்திரைதான் குறைகிறது, மெத்தோட்ரெக்சேட் என்ற அடிப்படை மருந்து தேவையில்லாமல் போவதில்லை, அதைக் கவனியுங்கள். அளவையும் கவனியுங்கள்: 1000 மில்லிகிராம் சாதாரண மீன் எண்ணெய்க் காப்ஸ்யூலில் இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான், ஆக நாளைக்கு 9. கிரில் காப்ஸ்யூலில் அதைவிடக் குறைவு, விலை அதைவிட அதிகம். செறிவூட்டிய மீன் எண்ணெய் வாங்கினால் எண்ணிக்கை குறையும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகவே கூடாது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது வழியே இல்லை, லெசித்தின் வாங்கினாலும் உறை பெரும்பாலும் ஜெலட்டின். ஹலால் பார்ப்பவர்களும் முத்திரை இருக்கிறதா என்று உறைக்காகத்தான் பார்க்க வேண்டும்.

## நான்காம் வழி: டாக்டர் எழுதிக் கொடுக்கும் அடிப்படை மருந்து

குடலுக்கு மெசலசின், மூட்டுக்கு மெத்தோட்ரெக்சேட், இரண்டும் போதாத குடல் நோய்க்கு அசதியோபிரின். மக்கள் இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் மாத்திரை" என்று பயப்படுகிறார்கள். மெசலசின் அந்த வகையே இல்லை. அது குடல் சுவரின் மேலேயே வேலை செய்யும், அதன் பல மாத்திரைகளில் இருப்பதும் ஸ்ட்ரெம்மல் பயன்படுத்திய அதே உத்திதான், சிறுகுடல் முடிவில் கரையும் பூச்சு. அதாவது லெசித்தின் புட்டி செய்ய முடியாததை இந்த மாத்திரை செய்கிறது. நோய் கடைசிப் பகுதியில் மட்டும் இருந்தால் ஆசனவாய் வழி வைக்கும் மருந்து இன்னும் நன்றாகக் கேட்கும், கூச்சத்தில் நம் ஆட்கள் வேண்டாம் என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரக இரத்தப் பரிசோதனை வேண்டும், பெரிய செலவு இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும்? நோய் அடங்கியிருந்த 99 பேரைப் பின்தொடர்ந்து 2003ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெசலசினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 5 மடங்குக்கும் மேல்.

மெத்தோட்ரெக்சேட் உண்மையிலேயே மரியாதையோடு நடத்த வேண்டிய மருந்து. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தெரியாமல் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் சீட்டில் கிழமையை எழுதித் தருகிறோம். கூடவே ஃபோலிக் அமிலம், கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை, கர்ப்பத்தில் கூடவே கூடாது, மது குறைத்துக்கொள்ள வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழந்து புட்டியைத் தேடுகிறார்கள். ஆனால் மூட்டு அரிப்பை மெதுவாக்கும் என்பது நிரூபணமானது, மேலே சொன்ன மூன்று வழிகளும் அந்தப் பக்கமே வரவில்லை.

அசதியோபிரினுக்கு முன் மரபணுப் பரிசோதனை ஒன்று உண்டு, என்யுடிடி15. இந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்துவிடும், முடி கொட்டும். இது ஐரோப்பியர்களைவிடச் சீனர், இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களிடம் அதிகம். உங்கள் டாக்டர் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசினால், "இந்தப் பரிசோதனை எடுத்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பணம்: முடக்குவாதமும் சொரியாசிஸும் மெடிசேவ் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கின்றன, வருட உச்சவரம்புக்குள் எடுக்கலாம். லெசித்தினுக்கும் மீன் எண்ணெய்க்கும் ஒரு வெள்ளிகூட மெடிசேவிலிருந்து எடுக்க முடியாது. குடல் நோய்க்காரர்கள் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள், பலருக்கு இந்த ஆள் இருப்பதே தெரியாது. வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு நிலைமை வேறு. முதலாளி எடுத்திருக்கும் காப்பீடு வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, ஆனால் அது மருத்துவமனையில் படுப்பதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை கைக்காசு. அவர்கள் ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவது புரிகிறது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை பொதுவாகக் கொண்டுவரலாம், மருந்துச் சீட்டும் கையோடு இருக்கட்டும்.

## ஐந்தாம் வழி: ஸ்டீராய்டும் பயோலாஜிக்கும்

ஸ்டீராய்டு சில நாட்களில் தீயை அணைக்கும், நீண்ட நாள் தங்கினால் சர்க்கரை, எலும்பு, கண், எடை எல்லாவற்றிலும் கை வைக்கும். பாலமாக மட்டும் நல்லது. சில வாரம் எடுத்தபின் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பயோலாஜிக் ஊசிகள் அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் போன்ற ஒரு குறிப்பிட்ட சமிக்ஞையை மட்டும் அடைக்கின்றன. லெசித்தின் அதே டிஎன்எஃப் சமிக்ஞையைக் குறைக்கும் என்று செல்களில் வைத்துக் காட்டிய ஆய்வு உண்டு, அதைக் காட்டி "இயற்கை பயோலாஜிக்" என்று விற்பவர்களும் உண்டு. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லுக்கும் உங்கள் குடலுக்கும் நடுவில் ஒரு செரிமான மண்டலமே இருக்கிறது. ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோயும் ஹெபடைட்டிஸ் பியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது சும்மா சடங்கு இல்லை. விலை பயமுறுத்தும், ஆனால் அவற்றைப் போலவே மற்ற நிறுவனங்கள் செய்யும் பயோசிமிலர்கள் வந்தபின் இறங்கியிருக்கிறது, சிலவற்றுக்கு அரசு மானியமும் உண்டு.

| வழி | மனிதர்களிடம் ஆதாரம் | சேதத்தை நிறுத்துமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கடை லெசித்தின் | சிறிய சோதனையில் நன்று, பெரியதில் இல்லை. அதுவும் வேறு தயாரிப்பு | இல்லை | நாளைக்கு 16 காப்ஸ்யூல், வயிற்றுப்போக்கு | அழற்சிக்கு யாருக்கும் இல்லை |
| பாஸ்பாடிடைல்செரின் | இந்த நோய்களுக்கு இல்லை | தெரியாது | வீண் காசு | இப்போதைக்கு எலிகளுக்கு |
| மீன் எண்ணெய் | முடக்குவாத வலிக்கு ஓரளவு | இல்லை | அளவு அதிகம், இரத்தப்போக்குக் கவனம் | மருந்தோடு கூடுதலாக |
| மெசலசின், மெத்தோட்ரெக்சேட் | வலுவானது | ஆம் | இரத்தப் பரிசோதனை, பொறுமை | பெரும்பாலோருக்கு முதல் படி |
| பயோலாஜிக் | வலுவானது | ஆம் | விலை, தொற்று | முதல் படி போதாதவர்களுக்கு |

## அப்படியானால் நீங்கள் எதை எடுப்பது

புதிதாக முடக்குவாதம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்குங்கள். அது வேலை செய்யும்வரை வலி தாங்கவில்லை, வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்றால் மீன் எண்ணெயைச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிரிலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

லேசான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் மெசலசின், ஒழுங்காக. "அதோடு சேர்த்து லெசித்தின் எடுக்கட்டா?" என்று கேட்டால், சோயா ஒவ்வாமை இல்லாதவருக்குக் கொஞ்சம் எடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை, பலன் கிடைக்கும் என்று நினைத்து மட்டும் எடுக்காதீர்கள், மெசலசினைக் குறைக்கவும் செய்யாதீர்கள். பெருங்குடல் வரை போய்ச் சேரும் உண்மையான பாஸ்பாடிடைல்கோலின் எங்கேனும் மறுபடி சோதனைக்கு வந்தால், டாக்டர் மேற்பார்வையில் அதில் சேர்வது வேறு விஷயம். அங்கே கண்காணிக்க ஆள் இருப்பார்கள், பலன் இல்லையென்றால் நிறுத்தவும் சொல்வார்கள்.

குழந்தை வேண்டும் என்று இருக்கும் பெண்கள், அவர்களுக்குத்தான் இந்தப் புட்டிப் பேச்சு அதிகம் போகிறது. மெத்தோட்ரெக்சேட் கூடாது என்பது சரி, ஆனால் அதற்கு மாற்று லெசித்தின் இல்லை. கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன, நோய் அடங்காமல் கர்ப்பமாவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து மாற்றி நோய் அடங்க மாதங்கள் பிடிக்கும்.

லூபஸ் (இதுவும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பை அடிக்கும் நோய்தான்) உள்ள ஒரு அக்கா, அறிக்கையில் "ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி" இருப்பதாக வந்ததைப் பார்த்து, முட்டையையும் சோயா பாலையும் நிறுத்திவிட்டு வந்து நின்றார். அந்த ஆன்டிபாடிக்கும் சாப்பாட்டு லெசித்தினுக்கும் சம்பந்தம் இல்லை. அது முக்கியமாகக் குறிவைப்பது பாஸ்போலிப்பிட்டோடு ஒட்டும் ஒரு இரத்தப் புரதத்தை. சாப்பிடலாம். பார்க்க வேண்டியது இரத்தம் உறைவதைத்தான், அதற்குத்தான் மருந்தே.

## புட்டி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு

சிங்கப்பூரில் ஊட்டச்சத்துப் பொருள்களை விற்க முன்கூட்டியே உரிமம் தேவையில்லை. சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொரு புட்டியையும் பார்த்து அனுமதிப்பதில்லை, தரத்துக்கு விற்பவர்தான் பொறுப்பு. "கடையில் வைத்திருக்கிறார்களே, அப்போ அரசாங்கம் சோதித்திருக்கும்" என்பது தவறான நம்பிக்கை.

இதில் லெசித்தினைவிட எனக்குப் பயம், மூட்டு வலிக்கு "இயற்கை" என்று இணையத்திலும் எல்லை தாண்டியும் வாங்கும் மாத்திரைகள்தான். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்த பொருள்களைப் பற்றி ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், "பார்த்தியா, இயற்கை வேலை செய்யுது" என்பார்கள். சில வாரத்தில் முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். உண்மையான லெசித்தின் இரண்டு நாளில் எந்த வலியையும் போக்காது. அவ்வளவு வேகமாகக் கேட்கிற புட்டி என்றால், மாத்திரையையும் உறையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

எதை எடுத்தாலும் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ அடுத்த முறை போகும்போது புட்டியையே கொண்டுபோங்கள், இல்லையென்றால் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள். "வைட்டமின் மாதிரி ஏதோ" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

குடல் நோய்க்காரர்களுக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருக்கிறது என்றால், எந்த மாத்திரை நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் இல்லை அது. அடுத்த முன்பதிவு வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.